எட்மண்டுக்கு என்ன வேண்டியிருந்தது? பிள்ளைகளோடு மாயக்கதை வாசிக்கும்போது சோதனையைப் பற்றிப் பேசும் விதம்

சிறுவர் மாயக்கதை ஒன்றை வாசித்து முடித்துவிட்டு, "இதில் நல்லவர் யார், கெட்டவர் யார்?" என்று கேட்டால் ஐந்து வயதுக் குழந்தைகூட உடனே பதில் சொல்லிவிடும். சூனியக்காரி கெட்டவள், சிங்கம் நல்லது. அத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஓய்வுநாள் பள்ளியிலும் வீட்டிலும் பல ஆண்டுகள் நான் அந்தக் கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தேன். நன்மை தீமையைப் பற்றிக் கிறிஸ்தவ மரபு சொல்லும் மிக நுட்பமான செய்தி அந்தக் கேள்விக்கு அகப்படுவதே இல்லை என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. கேட்க வேண்டியவை வேறு இரண்டு கேள்விகள். இந்தப் பையனுக்கு என்ன வேண்டியிருந்தது? அதை அடைவதற்காக அவன் தனக்குத்தானே என்ன சொல்லிக்கொண்டான்?

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எப்படி வாசிப்பது என்பதை, பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் பெற்றோருக்காகவும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்காகவும் எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக வெளியிட்ட, நார்னியா என்ற கற்பனை நாட்டைப் பற்றிய ஏழு நூல்களிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். லூயிஸ் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். நடுவில் நாத்திகராக வாழ்ந்து, 1931-இல், தம் முப்பத்திரண்டாம் வயதில், கிறிஸ்தவ விசுவாசத்துக்குத் திரும்பியவர். சோதனையில் விழுகிறவனின் மனம் உள்ளே எப்படி ஓடும் என்பதைச் சிறுவர்களுக்கு அவர் அளவுக்கு விளங்கச் சொன்னவர்கள் குறைவு என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு சொல்

தமிழ்ப் பிள்ளைகளோடு இதைப் பேசத் தொடங்கும்போது வரும் முதல் சிக்கல் 'சோதனை' என்ற சொல்லே. மின்சாரம் போனால் பாட்டி "என்ன சோதனை இது" என்று அலுத்துக்கொள்கிறார். பள்ளி ஆய்வகத்திலும் சோதனை நடக்கிறது. பரமண்டல ஜெபத்தில் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று வேண்டிக்கொள்கிறோம். தேவன் ஆபிரகாமைச் சோதித்தார் என்று ஆதியாகமம் 22-ஆம் அதிகாரம் தொடங்குகிறது. தேவன் "ஒருவனையும் அவர் சோதிக்கிறவருமல்ல" என்று யாக்கோபு 1:13 சொல்கிறது. இவற்றை அடுத்தடுத்து மனப்பாடம் செய்த பிள்ளை குழம்பாமல் இருந்தால்தான் வியப்பு. குழப்பத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பை மட்டும் குறை சொல்ல முடியாது; புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான பெய்ராஸ்மோஸ் என்பதற்கும் இதே இரட்டைப் பொருள் உண்டு.

நான் பிரித்துக் காட்டும் விதம் இது: தேர்வு வைக்கும் ஆசிரியர் பிள்ளை தேற வேண்டும் என்று நினைத்து வைக்கிறார், தூண்டிலில் புழுவைக் கோர்ப்பவர் மீனைப் பற்றி அப்படி நினைப்பதில்லை. இரண்டையும் சோதனை என்றே சொல்கிறோம், ஆனால் வைப்பவரின் நோக்கம் வேறு. தூண்டில் உவமையை நானாகக் கட்டவில்லை. "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்" என்ற யாக்கோபு 1:14-இல் 'சிக்குண்டு' என்று வரும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், இரை வைத்துப் பிடிப்பதையே குறிக்கிறது. இரை என்றால் அது மீனுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். ஆகவே, சோதனையைப் புரிந்துகொள்ள வைப்பவனை மட்டும் பார்த்தால் போதாது. அகப்படுகிறவனுக்கு என்ன பிடிக்கும் என்று பார்க்க வேண்டும். கதை வாசிக்கும்போது நமக்கு வழிகாட்ட இந்த ஒரு வசனம் போதும்.

வாசிப்பதற்கு முன்

பிள்ளைகளுக்கு வாசிக்கப் போகும் அத்தியாயத்தை முந்தைய இரவே நீங்கள் தனியாக வாசித்துவிடுங்கள். முதல் வாசிப்பிலேயே பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்தால், கதையின் வேகத்தில் நாமும் அடித்துச்செல்லப்பட்டு, நிறுத்த வேண்டிய இடங்களைத் தவறவிடுவோம். நார்னியா வரிசையின் முதல் நூலில், அதாவது துணி அலமாரிக்குள் புகுந்து நான்கு பிள்ளைகள் பனி உறைந்த நாட்டுக்குப் போகும் கதையில், 17 அத்தியாயங்கள் உள்ளன. வாரம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் நான்கு மாதம் வரும். ஏழெட்டு வயதிலிருந்து கேட்கலாம்.

கதையின் காலத்தைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுவது நல்லது. நான்கு பிள்ளைகளும் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்குத் தப்ப லண்டனிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். பிரிட்டனில் 1942-இல் மிட்டாய்களுக்குப் பங்கீடு வந்தது. நடுவில் 1949-இல் சில மாதங்கள் நீங்கி மறுபடி வந்து, 1953-இல்தான் முற்றிலும் நீங்கியது. நூல் வெளிவந்த 1950-இல் அதை வாசித்த ஆங்கிலேயச் சிறுவனுக்கு ஒரு பெட்டி நிறைய இனிப்பு என்பதே மாயாஜாலம்தான். அந்த நால்வரில் மூன்றாமவனான எட்மண்ட் கேட்கும் டர்க்கிஷ் டிலைட் என்ற இனிப்பு நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. மாவுச்சத்தையும் சர்க்கரையையும் காய்ச்சி, பன்னீர் வாசனை சேர்த்து, துண்டுபோட்டு, மேலே சர்க்கரைத்தூளைத் தூவுவது அது. சோளமாவில் செய்யும் பம்பாய் அல்வாவை நினைத்துக்கொள்ளச் சொல்கிறேன்; ஏறக்குறைய அந்தப் பதம்தான். ஒருமுறை வகுப்புக்கு அதை வாங்கிக்கொண்டு போனேன். கதையைவிட அல்வாவின் மேலேயே எல்லார் கண்ணும் இருந்தது. அடுத்த முறை வாசித்து முடித்த பிறகே பொட்டலத்தைப் பிரித்தேன்.

வண்டியில் நடப்பதை மெதுவாக வாசியுங்கள்

நான்காம் அத்தியாயத்தில் எட்மண்ட், பனிச்சறுக்கு வண்டியில் வந்த வெள்ளைச் சூனியக்காரியோடு பேசுகிறான். முழு நூலிலும் மிக மெதுவாக வாசிக்க வேண்டிய பகுதி இது. நாம் பெரும்பாலும் இதைத் 'திருட்டுத் தீனிக்கு ஆசைப்பட்ட பையன்' என்று சுருக்கிவிடுகிறோம். ஆனால் இனிப்பு வருவதற்கு முன்பே நிறைய நடந்துவிடுகிறது.

முதலில் அவள் சினந்து மந்திரக்கோலை ஓங்குகிறாள்; அவன் செத்தோம் என்று நினைக்கும் நேரத்தில் மனத்தை மாற்றிக்கொண்டு, குரலையும் மாற்றிக்கொண்டு, ஐயோ பிள்ளை குளிரில் நடுங்குகிறாயே என்று பக்கத்தில் உட்காரவைத்துத் தன் மேலாடையால் போர்த்துகிறாள். அவனுக்கு உட்கார விருப்பமில்லை; மறுக்கவும் துணிவில்லை. இங்கே ஒரு முறை நிறுத்துங்கள். "அவனுக்கு இப்போது என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். குளிராமல் இருக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை சொல்லும், பயமில்லாமல் இருக்க வேண்டும் என்று இன்னொன்று சொல்லும். இரண்டுமே சரி, இரண்டிலும் தவறு ஒன்றுமில்லை.

அடுத்து, செம்புக் குப்பியிலிருந்து ஒரு சொட்டைப் பனியில் விடுகிறாள். சூடான பானம் வருகிறது. அதற்குப் பிறகுதான், சாப்பிட உனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்கிறாள். அவள் எதையும் அவன்மேல் திணிக்கவில்லை, அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறாள் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கவிடுங்கள். இரண்டாவது சொட்டில் பச்சைப் பட்டு நாடா கட்டிய வட்டப் பெட்டி வருகிறது. அவன் தின்னத் தொடங்கும்போது வாயில் உணவை வைத்துக்கொண்டு பேசுவது மரியாதையில்லை என்று நினைவுபடுத்திக்கொள்கிறான். சற்று நேரத்தில் அதையும் மறந்து, அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போகிறான். தனக்கு ஓர் அண்ணன், ஓர் அக்கா, ஒரு தங்கை என்பதும், தங்கை ஏற்கெனவே இங்கே வந்துபோனாள் என்பதும் அவன் வாயிலிருந்தே வந்துவிடுகின்றன. பெரிய துரோகத்தின் முதல் படி வாய் நிறைய இனிப்போடு பேசியது என்பதை லூயிஸ் எவ்வளவு இயல்பாக வைக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

பெட்டி காலியாகிறது. இப்போது அவள் மேலும் தர மறுத்து, தன் வீட்டுக்கு வந்தால் அறை அறையாக இருக்கிறது என்கிறாள். அவனை இளவரசனாக்கி, பின்னால் அரசனாக்குவதாகச் சொல்கிறாள். இத்தனை அறிவும் அழகும் உள்ள பையனைப் பார்த்ததே இல்லை என்கிறாள். இதற்கெல்லாம் விலை, அண்ணனையும் அக்காவையும் தங்கையையும் அழைத்து வருவது. மறுபடி அதே கேள்வியைக் கேளுங்கள்: "இப்போது அவனுக்கு என்ன வேண்டும்?" இந்த இடத்தில் பிள்ளைகளின் பதில் மாறும். இன்னும் இனிப்பு வேண்டும் என்பதோடு, அண்ணனைவிடப் பெரியவனாக வேண்டும் என்பதும் சேர்ந்துவிடும். வீட்டில் நடுப்பிள்ளையாக இருப்பவர்கள் இதை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன்.

ஒருமுறை ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, அவ அவ்வளவு பாசமா பேசுறாளே, அப்போ கெட்டவன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. இதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். சில நிமிட வாசிப்பில் கதையே சொல்லிவிடும். தங்கை லூசி வந்து சூனியக்காரி எப்படிப்பட்டவள் என்று சொன்னதும் எட்மண்டுக்கு உள்ளே உறுத்துகிறது. ஆனாலும் அந்த இனிப்பு வேண்டும் என்ற ஆசைதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கிறது. வண்டியில் இருந்தபோது தெரியாமல் இருந்திருக்கலாம், இப்போது அவனுக்குத் தெரியும். கிறிஸ்தவ மரபில் பாவம் என்று சொல்வது அறியாமையை அல்ல; அறிந்த பிறகும் அறியாததுபோல் நடந்துகொள்வதை.

தனக்குத்தானே சொல்லிக்கொண்டது

இரண்டாவது கேள்விக்குரிய இடம் ஒன்பதாம் அத்தியாயம். பேசும் விலங்குகளான பீவர் தம்பதியின் வீட்டில் எல்லாரும் இருக்கும்போது எட்மண்ட் நழுவி, மேலங்கியைக்கூட விட்டுவிட்டு, பனியில் சூனியக்காரியின் மாளிகைக்கு நடக்கிறான். சூனியக்காரி உயிருள்ளவர்களைக் கல்லாக்கிவிடுகிறவள்; உடன்பிறந்தவர்கள் கல்லாக வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை என்று லூயிஸ் நம்மிடம் நேராகவே சொல்கிறார். அவள் அவர்களுக்குப் பெரிதாக எதுவும் செய்துவிட மாட்டாள் என்று அவன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறான். அவளைப் பற்றித் தவறாகப் பேசுகிறவர்கள் எல்லாம் அவளுடைய எதிரிகள், ஆகவே பாதி பொய்யாகத்தான் இருக்கும் என்று வாதிக்கிறான். அடிமனத்திலோ அவள் கொடியவள் என்று அவனுக்குத் தெரியும்.

இந்தப் பகுதியை வாசிக்கும்போது, அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். வழியில் விழுந்து, நனைந்து, திரும்பிவிடலாமா என்று அவன் தயங்கும் நேரத்தில், நான் அரசனானதும் முதலில் நல்ல சாலை போடுவேன் என்ற எண்ணம் வருகிறது. அதிலிருந்து அரண்மனை, சொந்தத் திரையரங்கு, ரயில் பாதைகள், பீவர்களுக்கும் அணைகளுக்கும் எதிரான சட்டங்கள், அண்ணன் பீட்டரைத் தட்டிவைக்கும் ஏற்பாடுகள் என்று கற்பனை ஓடுகிறது. நல்ல சாலை போடுவதில் என்ன தவறு? ஒன்றும் இல்லை. அதனால்தான் அது அவனைத் தொடர்ந்து நடக்க வைக்கிறது. இதைப் பெரியவர்களும் சற்று நேரம் யோசிக்கலாம்.

மாளிகை முற்றத்தில் அவன் ஒரு கல் சிங்கத்தைப் பார்க்கிறான். சூனியக்காரியை எதிர்க்க வந்திருக்கும் அஸ்லான் என்ற சிங்கம்தான் கல்லாகிவிட்டது என்று நினைத்து, பையிலிருந்த பென்சில் துண்டால் அதற்கு மீசையும் மூக்குக்கண்ணாடியும் வரைகிறான். பிள்ளைகள் இங்கே சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதற்குப் பிறகும் அந்த முகம் கம்பீரமும் துயரமும் மாறாமல் இருக்க, எட்மண்டுக்கு வரைந்ததில் மகிழ்ச்சியே கிடைக்கவில்லை என்று கதை சொல்லும்போது வகுப்பில் சிரிப்பு தானாக அடங்கும். உள்ளே போனால் அவனுக்குக் கிடைப்பது காய்ந்த ரொட்டியும் தண்ணீரும். யாக்கோபின் அடுத்த வசனத்தை இப்போது வாசிக்கலாம்: "பின்பு இச்சையானது கர்ப்பந்தரித்து, பாவத்தைப் பிறப்பிக்கும், பாவம் பூரணமாகும்போது, மரணத்தைப் பிறப்பிக்கும்." ஆசையிலிருந்து அந்த முற்றம் வரை அவன் நடந்து வந்த வழி முழுவதும் இந்த வசனத்தில் இருக்கிறது. ஆனால் வசனத்தை முதலில் சொல்லிவிட்டுக் கதையை அதற்கு விளக்கமாக வாசித்தால் பயனில்லை; பிள்ளைகள் நடந்து முடித்த பிறகு வரைபடத்தைக் காட்டுங்கள்.

ஆசை நல்லதாக இருக்கும்போது

எட்மண்டோடு நிறுத்திவிட்டால், பேராசைக்காரர்களுக்குத்தான் சோதனை வரும் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் தங்கிவிடும். அதைத் திருத்த 1955-இல் வந்த, நார்னியாவின் படைப்பைச் சொல்லும் நூலில் டிகரியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். டிகரியின் தாய் சாகும் நிலையில் படுத்திருக்கிறாள். தூரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வெள்ளி ஆப்பிளைப் பறித்து வரும்படி அஸ்லான் அவனை அனுப்புகிறது. தனக்காகப் பறிக்கக் கூடாது, பிறருக்காகவே பறிக்க வேண்டும் என்று பொன் வாசலில் எழுதியிருக்கிறது. உள்ளே சுவரேறிக் குதித்து ஏற்கெனவே பழத்தைத் தின்றுவிட்ட சூனியக்காரி நிற்கிறாள்.

அவள் முதலில் அவனுக்கு மூப்பில்லாத வாழ்வைக் காட்டுகிறாள். அதை அவன் எளிதாக மறுத்துவிடுகிறான். பிறகு, இந்தப் பழத்தை எடுத்துக்கொண்டு நேராக உன் அம்மாவிடம் போ, அவள் பிழைத்துக்கொள்வாள் என்கிறாள். யாரோ அடித்ததுபோல் அவனுக்கு மூச்சு நின்றுபோகிறது. தாயின் உயிர் வேண்டும் என்பதைவிட நல்ல ஆசை ஒரு பிள்ளைக்கு வேறென்ன இருக்க முடியும்? வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசம் இருந்து பசியுற்ற இயேசுவிடம் கல்லை அப்பமாக்கச் சொன்னதும் இதே வகைதான். அப்பம் பாவம் அல்ல, பசியும் பாவம் அல்ல.

லூயிஸின் தாய் ஃப்ளோரா 1908-இல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. தாய் பிழைக்க வேண்டும் என்று சிறுவனாக அவர் ஜெபித்திருந்தார். இதைப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சொல்லலாம். சிறியவர்களிடம் சொல்ல வேண்டுமா என்பதை உங்கள் வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். வீட்டில் நோயாளி இருக்கும் பிள்ளையிடம், கீழ்ப்படிந்தால் அம்மா பிழைப்பாள் என்று இந்தக் கதை சொல்வதாகப் பதிந்துவிட்டால் பெருந்தீங்கு. டிகரி கீழ்ப்படியும்போது, அம்மா பிழைக்க மாட்டாள் என்று நினைத்தே கீழ்ப்படிகிறான். பழம் பிறகு கிடைப்பது பேரமாக அல்ல, கொடையாக. அதோடு, திருடிய பழமும் அவளைக் குணப்படுத்தியிருக்கும், ஆனால் அது இருவருக்கும் மகிழ்ச்சியாக இருந்திருக்காது என்று அஸ்லான் சொல்கிறது. தவறான வழியில் போனால் பலன் கிடைக்காது என்று மலிவாக அச்சுறுத்தாமல் இருப்பதே இந்தப் பகுதியின் நேர்மை.

டிகரி எப்படித் தப்பினான் என்பதையும் கேளுங்கள். அவன் வாதத்தில் வெல்லவில்லை. சூனியக்காரி பேச்சின் போக்கில், உன்னோடு வந்த சிறுமியை இங்கேயே விட்டுவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது என்று ஒரு வார்த்தையை விட்டுவிடுகிறாள். அந்தச் சிறுமியைக் கைவிடச் சொல்லும் அற்பத்தனம் கேட்டதும், அதுவரை அவள் சொன்னதெல்லாம் அவனுக்குப் பொய்யாக ஒலிக்கத் தொடங்குகிறது. "இதைச் செய்ய யாரை விட்டுவிடச் சொல்கிறார்கள்?" என்ற கேள்வியைப் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கைக்கும் எடுத்துச்செல்வார்கள், நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

1952-இல் வந்த கடற்பயணக் கதையில் லூசிக்கு வரும் சோதனை சிறியது, ஆனால் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமானது எதுவும் இல்லை. மந்திரவாதியின் புத்தகத்தில் பேரழகியாக்கும் மந்திரத்தைப் படிக்க இருந்தவள், உறுமும் சிங்கத்தின் முகத்தைக் கண்டு பயந்து பக்கத்தைப் புரட்டிவிடுகிறாள். அடுத்து, தோழிகள் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று அறியும் மந்திரம் வருகிறது. மனம் மாறுவதற்குள் அதை அவசரமாகச் சொல்லிவிடுகிறாள், ஒரு நட்பை இழக்கிறாள். பெரியதை மறுத்த கையோடு சின்னதில் விழுவது. கைப்பேசியில் பிறர் உரையாடலை எட்டிப்பார்ப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைவிட இந்த ஒரு பக்கம் மேல்.

தீமையால் எதையாவது படைக்க முடியுமா?

நன்மையும் தீமையும் சம பலமுள்ள இரண்டு அணிகள், இறுதிவரை யார் வெல்வார் என்று தெரியாது என்ற படத்தைப் பிள்ளைகள் திரைப்படங்களிலிருந்தும் விளையாட்டுகளிலிருந்தும் கொண்டுவருகிறார்கள். கிறிஸ்தவ மரபு அதை ஏற்பதில்லை. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த இறையியலாளர் அகுஸ்தீன், ஒளியும் இருளும் இரு ஆதி சக்திகள் என்று போதித்த மணிகேயரோடு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இருந்து, பிறகு விலகி, தீமை என்பது தனியாக இருக்கும் பொருள் அல்ல, நன்மை குறைந்துபோன நிலையே என்ற முடிவுக்கு வந்தார். துணி இல்லாமல் கிழிசல் இல்லை என்பதுபோல. லூயிஸ் இதையே பின்பற்றினார்: நல்லது தானாகவே நிற்கும், கெட்டது, கெட்டுப்போன நல்லது.

கதையில் இதைத் தேடுவதற்கு, "சூனியக்காரி நார்னியாவுக்கு என்ன கொடுத்தாள்?" என்று கேளுங்கள். கிறிஸ்துமஸ் வராத குளிர்காலம், உயிருள்ளவற்றைக் கல்லாக்குதல் என்று பட்டியல் நீளும். எல்லாமே இருந்ததை நிறுத்தியவை. இப்படி நான் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் கையைத் தூக்கினான்: "ஒரு சொட்டுல இருந்து மிட்டாய் பண்ணினாளே, அக்கா?" அன்று எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் அவனையே கேட்டேன், அந்த மிட்டாய் எட்மண்டுக்கு என்ன செய்தது என்று. "பசி அடங்கல, இன்னும் பசிச்சுது" என்றான். பீவர் வீட்டில் வெண்ணெய் தடவிய உருளைக்கிழங்கும் பொரித்த மீனும் இருந்தும் அவனுக்கு ருசிக்காமல் போனதைத் தேடி எடுத்து வாசித்தோம். உணவுபோல் இருந்து, உண்மையான உணவின் ருசியையும் கெடுத்துவிடும் ஒன்றைப் படைப்பு என்று சொல்லலாமா என்ற விவாதம் அன்று முடியவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதினருக்கு ஜே. ஆர். ஆர். டோல்கினின் மோதிரக் கதையை (1954–55) கொடுக்கலாம். டோல்கின் கத்தோலிக்கர், லூயிஸ் விசுவாசத்துக்குத் திரும்பியதில் அவருக்குப் பங்குண்டு. எரிமலையில் போட்டு அழித்தாக வேண்டிய அந்தத் தீய மோதிரம் ஒவ்வொருவரையும் அவரவருடைய நல்ல ஆசை வழியாகவே இழுக்கிறது: மந்திரவாதி கண்டால்ஃபை இரக்கத்தின் வழியாக, தோட்டக்காரனான சாமைத் தோட்டத்தின் வழியாக. கதைநாயகன் ஃப்ரோடோ எல்லாத் துன்பமும் பட்டு எரிமலையின் விளிம்புக்கு வந்து, கடைசி நொடியில் மோதிரத்தைத் தனதென்று சொல்லிவிடுகிறான். பிள்ளைகளுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். முன்பு மோதிரத்தை வைத்திருந்த பில்போவும் பிறகு ஃப்ரோடோவும் இரங்கி உயிரோடு விட்ட, மோதிரத்துக்கு அடிமையான கோலும் (Gollum) என்பவன்தான் மோதிரம் அழியக் காரணமாகிறான் என்பதைத் தொடர்ந்து வாசியுங்கள். இந்த முடிவைப் பரமண்டல ஜெபத்தின் மன்னிப்பும் சோதனையும் பற்றிய வேண்டுதல்களோடு டோல்கினே ஒரு கடிதத்தில் இணைத்துப் பேசியிருக்கிறார். நம் பலத்தால் நிற்க முடிந்தால் அப்படி ஒரு ஜெபமே தேவைப்பட்டிருக்காது.

மந்திரம், சூனியம் வரும் கதைகளைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வாசிக்கலாமா என்று சபையில் யாராவது கேட்பார்கள். உபாகமம் 18 குறிசொல்லுதலையும் சூனியத்தையும் விலக்குகிறது. அந்தக் கவலையை எள்ளி நகையாட வேண்டாம். நார்னியா கதையில் மந்திரத்தைக் கையாளும் டிகரியின் மாமா ஆண்ட்ரூ எவ்வளவு அற்பமானவராகக் காட்டப்படுகிறார் என்பதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். சாதாரண மக்களுக்கான விதிகள் என்னைப்போன்ற உயர்ந்தவர்களுக்கு இல்லை என்று அவர் சொல்வதையே, பிறகு ஓர் உலகத்தையே அழித்த பேரரசியும் ஏறக்குறைய அதே சொற்களில் சொல்கிறாள். டிகரி அதைக் கவனித்துவிடுகிறான். இதற்குப் பிறகும் ஒரு பெற்றோர் வேண்டாம் என்றால், அவர்களின் பிள்ளைக்கு அவர்களே பொறுப்பு; விட்டுவிடுங்கள்.

நிறுத்த வேண்டிய இடம்

அஸ்லான் யார் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். நான் முதல் ஆண்டு மூன்றாம் வாரத்திலேயே சொல்லிவிட்டேன்; அதன் பிறகு எந்தக் கேள்விக்கும் "இயேசு" என்றே பதில் வந்தது, எட்மண்ட் ஏன் மேலங்கியை விட்டுப் போனான் என்ற கேள்விக்கும்கூட. ஒன்றுக்கு ஒன்று பொருத்தும் உருவகமாகத் தம் கதையை லூயிஸ் நினைக்கவில்லை. நார்னியா போன்ற ஓர் உலகம் இருந்தால் கிறிஸ்து அங்கே எப்படி வந்திருப்பார் என்ற கற்பனை என்றே அதைச் சொன்னார். இப்படித்தான் உணர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் உணர்வு உறைந்துபோகிறது என்பதும் அவர் அனுபவம். பிள்ளை தானாகக் கண்டுபிடித்து வந்து சொல்லும்போது, ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

பதின்மூன்றாம் அத்தியாயத்தில், மீட்கப்பட்ட எட்மண்டும் அஸ்லானும் அதிகாலையில் பனி ஈரமான புல்லில் தனியாக நடந்து பேசுகிறார்கள். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது என்கிறது கதை. பிறகு அஸ்லான் அவனை மற்றவர்களிடம் அழைத்து வந்து, நடந்துபோனதைப் பற்றி அவனிடம் பேச வேண்டியதில்லை என்கிறது. எட்மண்ட் ஒவ்வொருவரிடமும் கைகொடுத்து மன்னிப்புக் கேட்கிறான். சற்று நேரத்தில் சூனியக்காரி வந்து, இங்கே ஒரு துரோகி இருக்கிறான் என்று எல்லார் முன்பாகவும் சொல்லும்போது, அவன் அவளைப் பார்க்காமல் அஸ்லானையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். "அஸ்லான் அவன்கிட்ட என்னக்கா சொல்லுச்சு?" என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். புத்தகத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள்.